சென்னிகுளத்தை விட்டுவிட்ட வரலாறு

தமிழ்க் கவிஞன் 'நான்' என்று வாய் திறந்ததே பிரெஞ்சுக் காற்று பட்ட பிறகுதான் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. போதலேர், ராம்போ, அப்புறம் 'எழுத்து' இதழ் என்று ஒரு வம்சாவளி. யாப்பை உடைத்த நாளே கலகம் பிறந்த நாள் என்கிறார்கள். இரண்டும் பிழை.

பிரான்சிலேயே கதை அப்படி இல்லை. 1857இல் 'தீமையின் மலர்கள்' நீதிமன்றம் ஏறியது. போதலேருக்கு 300 பிராங்க் அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அது நீங்க 1949 ஆயிற்று. ஆனால் தொகுப்பு நெடுகப் பழைய சானெட்டும் இயைபு தவறாத அடிகளும்தான். கவிஞன் தீர்க்கதரிசியாக வேண்டும் என்று 1871இல் கடிதம் எழுதிய ராம்போ, அதே ஆண்டு பாடிய 'போதையேறிய படகு' நூறு அடியும் மரபான பன்னிரண்டு அசைக் கட்டு. உரைநடைக்கு அவன் பிறகே வந்தான்.

நம் பக்கம் ஆண்டாள் பதிகக் கடைசியில் தன் பெயரையும் ஊரையும் பதித்தாள். சித்தர்கள் கோயிலையும் சாதியையும் எதிர்த்துத் தம் குரலில் பேசினார்கள். பின்னால் வந்த பிரபந்தப் புலவர்களின் யமகக் காட்டில் ஆள் காணாமல் போனான்.

மறுபடி ஆள் தென்பட்டது எங்கள் ஊர் திருவேங்கடத்துக்குப் பக்கத்தில். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், திருவாவடுதுறையில் படித்தவர், ஊற்றுமலை ஜமீனின் புலவர். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அந்தாதியோடு நின்றிருக்கலாம். அவரோ கழுகுமலை முருகனுக்குக் காவடி சுமந்து நடப்பவர்களின் கால் தாளத்தை எடுத்துக்கொண்டார். புலமையின் இயைபு முழுவதையும் அந்த நடைமெட்டில் இறக்கினார்; அதுதான் காவடிச் சிந்து. தன் பெயரையும் சென்னிகுளத்தையும் பாட்டுக்குள்ளேயே நிறுத்தினார். இளவயதிலேயே 1891இல் மறைந்தார். ராம்போ செத்ததும் அதே ஆண்டுதான். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியே இல்லை. பக்திப் பாட்டு, கச்சேரித் துக்கடா என்று அவரை ஒதுக்கியது நம் விமரிசனத்தின் பெரிய அநீதி.

எட்டயபுரத்துப் பாரதிக்குச் சிந்து காதோடு வளர்ந்த ஒன்று. புதுச்சேரியில், பிரெஞ்சுக் கொடியின் கீழ், 1912இல் வெளியிட்ட 'பாஞ்சாலி சபத'த்துக்கு அவர் தேர்ந்தது பாரிஸின் வடிவத்தை அல்ல, நொண்டிச் சிந்தை. அதற்கு முன்பே, 1910இல், 'சுயசரிதை' வந்துவிட்டது: பிள்ளைக் காதல், வெறுத்துப் படித்த ஆங்கிலம், தொழிலில் நொடித்த தந்தை. தமிழின் நவீன 'நான்' இதைவிடத் துலக்கமாக வேறெங்கே பிறந்தது? யாப்பு அதைத் தடுக்கவில்லை.

யாப்பை உதறிய ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' கவிதை 1934இல் வந்தது. அவருக்கும் தூண்டுதல் விட்மனும் பாரதியின் வசனகவிதையும். 1959இல் தொடங்கிய 'எழுத்து' துணிச்சலான இதழ், மறுக்கவில்லை. ஆனால் அதன் வழியில் வந்த பலரிடம் 'நான்' ஊரில்லாத, வெளிறிய ஒரு நகரத்து மூளையாகச் சுருங்கியது.

அந்த மூளைக்கு மறுபடி உடம்பு கொடுத்தவர்கள் நெல்லைக்காரர்கள். கலாப்ரியாவின் 'நான்' தெருவில் நிற்கிறது. காதலியின் பெயரைச் சொல்லியே புலம்புகிறது. பசியையும் குரூரத்தையும் கண்ணை மூடாமல் பார்க்கிறது. விக்ரமாதித்யனின் 'நான்' கோயில், குடி, நாடோடித்தனம் எல்லாவற்றையும் கூச்சமின்றித் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. இவர்களைப் பாரிஸின் தூரத்து உறவாகப் படித்தது போதும். புதுக்கவிதை வரலாற்றின் முதல் அத்தியாயத்தை இனி எழுதுபவர்கள் காவடிச் சிந்திலிருந்து தொடங்கட்டும்.