சோறு யார் ஆக்கியது? ஆற்றுப்படையும் மோட்டார் சைக்கிள் சுற்றுலாவும்

லடாக் போய்த் திரும்பிய மறுநாள் காலை, பொம்மையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க டீச்சர், பன்னெண்டு நாளு மலையில சுத்துனீங்களே, சோறு யாரு ஆக்குனது?"

நான் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். கர்துங் லா கணவாயில் புல்லட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். "நல்லாருக்கு" என்றார். கண் அதில் நிற்கவில்லை. வஞ்சிரத்தைத் திருப்பிப் போட்டபடி அடுத்ததைக் கேட்டார்: "இங்க உங்க வீட்ல யாரு ஆக்குனா?"

இரண்டு கேள்விக்கும் அப்போது நான் சரியான பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். அதைச் சொல்ல நான் வகுப்பில் வருடா வருடம் நடத்துகிற ஒரு பழைய பாட்டின் வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் பயணம். 2019 ஜூலையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவில் சேர்ந்தேன். பாலைவனம், மலை, பழைய நகரம் எல்லாம் ஒரே பயணத்தில் என்று துண்டறிக்கையில் போட்டிருந்தார்கள். மணாலியிலிருந்து லே, அங்கிருந்து கர்துங் லா தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கின் மணல்மேடுகள். இப்படிப்பட்ட பயணங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் வழிகாட்டியின் வண்டி, கடைசியில் யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு வரும் இன்னொரு வண்டி, அதற்கும் பின்னால் மூட்டைகளையும் மெக்கானிக்கையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் ஏற்றிய வேன். எங்கே நிற்பது, எங்கே பெட்ரோல், எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். நமக்குரிய வேலை வண்டியை ஓட்டுவதும் சுதந்திரமாக இருப்பதாக உணர்வதும்தான்.

பணம் கட்டிய பிறகு தொலைபேசியில் ஒரு கேள்வி வந்தது. கணவரிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ ஒரு சம்மதக் கடிதம் அனுப்ப முடியுமா? எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. முனைவர் பட்டம் வாங்கிப் பதினைந்து ஆண்டுகள். கடிதம் கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டு ஜெயித்தேன். அந்த ஜெயிப்பின் பெருமிதம் மலையேறி இறங்கும்வரை என்னோடு இருந்தது. கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் சொல்வதை ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளுக்கு நடத்துகிறவள் நான். இப்போது அதற்கு நான் நேரிலேயே மறுப்பு எழுதிவிட்டதாக எண்ணம்.

ஹுண்டரில் மணல்மேட்டின் நடுவே இரட்டைத் திமில் ஒட்டகங்கள் படுத்துக் கிடந்தன. எல்லாரும் படம் எடுத்தார்கள். எனக்கு மரக்காணம் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆற்றுப்படை என்பது நம் மொழியின் வழிகாட்டிப் பயணம். 'ஆறு' என்றால் வழி. வள்ளலிடம் போய்ப் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் இன்னொருவனுக்கு எந்த வழியாகப் போகலாம், எங்கே தங்கலாம், எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும், கடைசியில் என்ன கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. அவற்றுள் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை எங்கள் ஊர்ப்பக்கத்துப் பாட்டு. 269 அடிகள். பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள் கிடங்கல் என்று பெயர் பெற்று நிற்கிறது. பாட்டில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்துப் பக்கம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை எடுத்தால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அந்தப் பாட்டிலும் கடற்கரை, காடு, வயல் என்று நிலம் மாறிக்கொண்டே போகும். பழைய நகரங்கள் உண்டு. வஞ்சியும் மதுரையும் உறந்தையும் நல்லியக்கோடன் கொடைக்கு முன்னால் வறிதாகிப்போனதாகப் பாடுகிறார். ஒட்டகமும் உண்டு. எயிற்பட்டினத்துக் கரையில் கடல் கொண்டுவந்து ஒதுக்கிய வாசமரக் கட்டைகள், ஒட்டகங்கள் தூங்குவதுபோலக் கிடக்கின்றனவாம். ஹுண்டரில் எனக்கு மரக்காணம் நினைவுக்கு வந்தது இதனால்தான்.

ஆனால் அந்த உவமையின் அடுத்த வரியை நான் அங்கே நினைக்கவில்லை. அந்த ஒட்டகக் கட்டைகள் விறகு. அவற்றை எரித்துத் தேறல் வடிப்பவள் ஒரு நுளைமகள், மீனவப் பெண். வடித்ததைப் பாணனுக்கு ஊட்டுபவர்கள் பரதவர், ஆண்கள். எங்கள் தெரு அக்காவின் கேள்வியோடு அந்தப் பாட்டை மறுபடி படித்தபோதுதான் அது எனக்கு ஓர் அடுக்களை வரைபடமாகத் தெரிந்தது.

பாணன் வீட்டிலிருந்து தொடங்குங்கள். இடிந்த அட்டிலில் கண் திறக்காத குட்டிகளோடு நாய் ஒன்று கிடக்கிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக்கூடாதென்று வாசலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறார்கள். அங்கிருந்து புறப்பட்டால் எயிற்பட்டினத்தில் நுளைமகளின் தேறல். வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறு, ஆமான் இறைச்சியோடு. ஆமூரில் வளையணிந்த உழவர் வீட்டுப் பெண் தன் பிள்ளைகளோடு வந்து வழிமறித்து உபசரிக்கிறாள். இரும்புப் பூண் தேயத் தேய உலக்கையால் குற்றிய அரிசிச் சோறு, நண்டுக் கலவையோடு. நிலம் நான்கு மாறினாலும் அடுப்படியில் நிற்பவள் மாறவில்லை.

கடைசியில் அரண்மனை. அங்கே பரிமாறப்படும் உணவு ஒரு நூலின்படி சமைக்கப்பட்டது. அந்த நூல் அர்ச்சுனனின் அண்ணனுடையது, அதாவது வீமனின் மடைநூல். இதை இருபது ஆண்டுகளாக 'வீமன் சமையல் நூல் இயற்றினான் என்ற செய்தி இங்கே வருகிறது' என்று குறிப்பாகச் சொல்லிக் கடந்துபோயிருக்கிறேன். வழி நெடுக ஆக்கிப்போட்ட பெண்களுக்குச் சாதிப்பெயரும் திணைப்பெயரும் மட்டும் இருக்கின்றன. சமையல் அறிவாக, நூலாக மதிக்கப்படும் இடத்துக்கு வந்ததும் அதற்கு ஓர் ஆசிரியன் கிடைக்கிறான், அவன் ஆண். நத்தத்தனாரை நான் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பெண்களின் உலக்கைப் பூண் தேய்ந்திருப்பதைக் கவனித்தவர் அவர். அதைக் கவனிக்காமல் பாடம் நடத்தியவள் நான்.

இப்போது லடாக்குக்குத் திரும்புகிறேன். ஹுண்டரில் நாங்கள் தங்கிய வீட்டின் பலகையில் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. எங்களை வரவேற்றவர் அவர். தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தவரும் அவர். அடுப்பருகே மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்ணை நான் கதவிடுக்கு வழியாக ஒருமுறை பார்த்தேன். பதினான்கு பேருக்கு இரவுச் சாப்பாடு, விடியற்காலையில் ரொட்டி, வெந்நீர். நுளைமகள் வடிக்கிறாள், பரதவர் ஊட்டுகிறார்கள். காட்சி அப்படியே இருந்தது. நான் அவர் பெயரைக் கேட்கவில்லை. கணவாயில் சாலை போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களும் இருந்தார்கள். அவர்கள் பரப்பிய ஜல்லியின் மேல் எங்கள் வண்டிகள் போயின. அவர்களைப் பார்த்துக் கையசைத்தேன், அவ்வளவுதான். கர்துங் லாவின் பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தது. உண்மையான உயரம் 5,359 மீட்டர், அதாவது பலகை சொல்வதைவிட ஏறக்குறைய எண்ணூறு அடி குறைவு. அந்தப் பலகைக்குக் கீழேதான் எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்துக்கொண்டேன்.

பெண் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை. 1955இல் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கியதே இராணுவத்தின் தேவைக்காகத்தான். துப்பாக்கி போலச் செய்யப்பட்டது என்பதே அதன் பழைய விளம்பரம். அப்படிப்பட்ட வண்டியின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்தே பழகிய நமக்கு முன்னிருக்கை ஒரு வெற்றிதான். 2017இல் வந்த 'மகளிர் மட்டும்' படத்தில் ஜோதிகா புல்லட்டில் வந்தபோது திரையரங்கில் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் படத்தில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வண்டியல்ல. வீட்டுக்குள்ளேயே வயதாகிப்போன மூன்று பெண்களை ஒரு பெண் வெளியே கூட்டிக்கொண்டு போகிறாள் என்பது. அங்கே வழிகாட்டி மாறியிருக்கிறாள். என் பயணத்தில் இருக்கை மட்டும்தான் மாறியது. ஆற்றுப்படையில் பாணன் இருந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். உலக்கை யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே இருந்தது.

அக்காவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பன்னிரண்டு நாளும் எங்கள் வீட்டில் ஆக்கியது என் அம்மா. எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலியோடு திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் கணவருக்கும் மகனுக்கும் சமைத்துப் போட்டார். யாரும் அவரிடம் சம்மதக் கடிதம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "போய்ட்டு வாடி, நான் பாத்துக்கறேன்" என்று அவரே சொன்னார் என்பதை இத்தனை நாள் ஒரு நியாயமாக வைத்திருந்தேன்.

அப்படியானால் பெண்களுக்கான ஆற்றுப்படை எப்படி இருக்கும்? கூத்தர், பாணர், பொருநர் என்பவர்களோடு விறலியையும் சேர்த்தே தொல்காப்பியம் ஆற்றுப்படைக்கு உரியவர்களைச் சொல்கிறது. ஆனால் பத்துப்பாட்டின் ஐந்து ஆற்றுப்படைகளில் விறலிக்கென்று ஒன்றுகூட இல்லை. நெடும்பாட்டுகளில் விறலி உடன் வருகிறாள், பேசுவதில்லை. சிறுபாணாற்றுப்படையில் அவள் கூந்தலில் தொடங்கி உடம்பு முழுக்க வருணிக்கப்படுகிறது. நடந்து நடந்து இளைத்த நாயின் நாக்குப்போல ஆன அவள் பாதத்தை இளையர் வருடிக்கொடுக்கிறார்கள். அவளும் அதே தூரம் நடந்தவள்தான். வழி மட்டும் அவளிடம் சொல்லப்படுவதில்லை.

விறலியாற்றுப்படைகள் புறநானூற்றில் சின்னச் சின்னப் பாட்டுகளாகக் கிடக்கின்றன. 103ஆம் பாட்டு ஔவையார் பாடியது. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லும் வழி. நெடும்பாட்டின் வருணனை எதுவும் அதில் இல்லை. ஔவை முதலில் பார்ப்பது விறலியின் சுமையை. காவடித் தண்டின் ஒரு பக்கம் பதலை தொங்குகிறது, மறுபக்கம் சிறுமுழா. கவிழ்ந்து கிடக்கும் என் பாத்திரத்தை யார் நிமிர்த்துவார் என்று கேட்டபடி சுரத்தின் நடுவே உட்கார்ந்திருக்கிறாள். பாலை நிலம், தனி வழி, தூக்க வேண்டிய மூட்டை. அவளிடம் ஔவை, போனால் அதியமான் அதிக தூரத்தில் இல்லை என்கிறாள். சுமையின் கனம் தெரிந்தவள் சொன்ன வழி அது. மூட்டைகளை வேனில் ஏற்றிவிட்டுப் போன எனக்கு அந்தப் பாட்டு இப்போது வேறு மாதிரி ஒலிக்கிறது.

அந்த மரபு அறுந்துபோகவும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள். கற்றவள் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டே ஓட்டினார்கள். சுமையை இறக்கி வைத்தால்தான் பயணம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நான் போய் வந்த லடாக்கிலேயே தின்லாஸ் சோரோல் என்ற பெண் 2009இல் முழுக்கப் பெண்களே நடத்தும் மலைநடைப் பயண நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். வழிகாட்டிகளும் பெண்கள். பயணிகள் கிராமத்து வீடுகளில் தங்குவதால் ஆக்கிப்போடும் பெண்களுக்கு அதன் வருமானம் போகிறது. அங்கே சோறு யார் ஆக்கியது என்ற கேள்விக்குப் பதிலோடு சம்பளமும் இருக்கிறது. இது எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. துண்டறிக்கையைப் படிப்பதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

பயணம் போகாதீர்கள் என்று என் மாணவிகளிடம் நான் சொல்லப்போவதில்லை. நானும் மறுபடி போவேன். போகிறவள் கேட்டுக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன என்கிறேன். வழி சொல்பவர் யார், அவர் யாரை நினைத்துச் சொல்கிறார்? வழியில் நான் சாப்பிடுவது யார் கை, அந்தக் கைக்குக் கிடைப்பது என்ன? நான் விட்டுவந்த வேலை யார் தலையில் ஏறியிருக்கிறது, அவரிடம் கேட்டேனா?

சென்ற பருவத்தில் முதலாண்டு மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வழியாகக் கிடங்கலுக்குப் போகும் ஒருத்திக்கு விறலியாற்றுப்படை எழுதுங்கள் என்றேன். வள்ளலின் புகழ் யாருக்கும் எழுத வரவில்லை. எந்த பெட்ரோல் பங்கில் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, ஏழு மணிக்கு மேல் எந்த நிறுத்தத்தில் பஸ் நிற்காது, மீன்கூடையை ஏற்றிக்கொள்ளும் ஷேர் ஆட்டோ எது, உப்பளத்தில் வேலை முடிந்து வருகிறவர்கள் எந்தக் கடையில் டீ குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மரக்காணத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் தன் பாட்டியின் பெயரைப் போட்டு, ஆறு மணிக்குள் போனால் சூடாக இருக்கும், காசு கொடுத்துவிடுங்கள் என்று முடித்திருந்தாள்.