தேயிலை மலைகளைத் திரையில் பார்ப்பது எப்படி

தோட்டப்புறத்தைக் களமாகக் கொண்ட ஒரு திரைப்படத்தைப் பார்க்கும்போது ரசிகரின் கண் முதலில் போக வேண்டிய இடம் மலையோ பனிமூட்டமோ அல்ல, அங்கு நடக்கும் வேலை. தமிழ்ச் சினிமா பச்சைச் சரிவுகளைக் காதல் பாட்டுக்குரிய பின்திரையாகப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தி வந்திருப்பதால், அந்தச் சரிவுகளில் குனிந்து நிற்கும் பெண்களை அலங்காரமாகவே பார்த்துக் கடந்துவிடும் பழக்கம் ரசிகருக்கும் வந்துவிட்டது. கெமரா அந்தப் பெண்களிடம் எவ்வளவு நேரம் நிற்கிறது, அவர்களுக்குக் கதையில் பெயர் உண்டா, வசனம் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், புகழ்பெற்ற சில படங்கள் சிறுத்துப்போவதையும் மறக்கப்பட்ட சில படங்கள் உயர்ந்து நிற்பதையும் காணலாம்.

கொழுந்து பறிக்கும் காட்சி ஒன்றே ஒரு படத்தின் நேர்மையை அளந்துவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த தளிரே கொழுந்து எனப்படுவது. தனக்கென ஒதுக்கப்பட்ட செடி வரிசையை, அதாவது நிரையை, பிடித்துக்கொண்டு ஏறும் பெண் இரண்டு கைகளாலும் விரைந்து பறித்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுப்புறக் கூடைக்குள் வீசுகிறாள். கூடையின் கயிறு தலையில் மாட்டப்பட்டிருப்பதால் கூடை கனக்கக் கனக்கக் கழுத்து முன்னோக்கித் தள்ளப்படும். ஈரச் செடியும் முரட்டுக் கிளையும் உடம்பில் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கு என்னும் தடித்த விரிப்பு கட்டப்பட்டிருக்கும். நாயகி ஒரு கையால் ஓர் இலையைக் கிள்ளிப் புன்னகைத்து, வெறுங்கூடையோடு நிமிர்ந்து நடந்தால், அந்தப் படத்தில் தோட்டம் இல்லை, தோட்டத்தின் ஓவியம் மட்டுமே இருக்கிறது. மாறாக, விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களமும், கொழுந்து நிறுக்கும் தராசும், அந்தத் தராசு முள்ளையே பார்த்து நிற்கும் முகங்களும் ஒரு படத்தில் வந்தால், எடுத்தவர் அங்கே சில நாட்களாவது நின்று பார்த்திருக்கிறார் என்று நம்பலாம்.

இந்தப் பார்வையைப் பழகிக்கொள்ள மிகப் பொருத்தமான தொடக்கம் 1934இல் பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' என்னும் ஆவணப்படம். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக ஜோன் கிரியர்சன் தயாரித்த இந்தப் படம் 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. 1681இல் வெளிவந்த, இலங்கை பற்றிய ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த பகுதிகளைக் கொழும்பின் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட் தம் குரலில் வாசிக்க, படம் நான்கு பகுதிகளாக நகர்கிறது. ஒலியைக் கையாண்ட விதத்தில் அது அக்காலத்தின் அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. வணிகத்தின் குரல்கள் என்னும் மூன்றாம் பகுதியில், உழைப்பின் காட்சிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றின் மீது சந்தை விலைகளும் வணிகக் கடித வாசகங்களும் ஒன்றன்மேலொன்றாக விழுகின்றன. பறிக்கும் கைக்கும் விற்கும் வாய்க்கும் உள்ள தூரத்தை ஒரு சொல்லும் விளக்காமல் அந்த ஒலிச்சேர்க்கை காட்டிவிடுகிறது. ஆயினும் தேயிலைச் சபை பணம் கொடுத்த ஒரு படத்தில், அந்தத் தேயிலையை உண்டாக்கிய தமிழ்த் தொழிலாளருக்குக் கிடைத்தது மிகச் சிறிய இடமே. பௌத்த யாத்திரைக்கும் சிங்களக் கிராமத்துக்கும் நடனத்துக்கும் தந்த நிதானத்தைப் படம் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் தரவில்லை. அழகை முழுமையாக அனுபவித்துக்கொண்டே அந்த வெற்றிடத்தையும் கவனிப்பதுதான் இந்தப் படத்தைப் பார்க்கும் முறை.

ஹொலிவுட்டின் 'எலிஃபன்ட் வோக்' (1954) பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எலிசபெத் டெய்லர் நடித்த இந்தப் படத்தில் தோட்டத் துரையின் பங்களாவும் யானைகளும் பாத்திரங்களாக இருக்கின்றன. தொழிலாளர்கள் கொள்ளைநோய் வரும்போது கூட்டமாகத் தேவைப்படுகிறார்கள், அவ்வளவே.

இலங்கைத் தமிழரே எடுத்த படங்களிடம் வரும்போது ரசிகர் தம் அளவுகோலைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். 1963இல் திரைக்கு வந்த 'தோட்டக்காரி', இலங்கையில் 35 மில்லிமீற்றர் படச்சுருளில் உருவான முதல் தமிழ்ப் படமாகக் கருதப்படுவது. இந்நாட்டின் தமிழ்ச் சினிமா தன் தொடக்கத்திலேயே தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தது என்பது பெருமைக்குரிய செய்தி. அதன் பின் 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்து, எஸ். இராமநாதன் இயக்கிய 'புதிய காற்று' வந்தது. அந்த ஆண்டின் பின்னணி தெரியாமல் இப்படத்தைப் பார்ப்பது பாதிப் பார்வைதான்: 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்திருந்தன, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன, கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் அதே 1975இல்தான். கணேசன் தொழிற்சங்கக்காரரும் ஆவார். எழுத்தில் பங்களித்த தெளிவத்தை ஜோசப், பதுளைப் பகுதியில் தாம் ஆசிரியராக இருந்த தோட்டத்தின் பெயரையே புனைபெயரில் சேர்த்துக்கொண்டவர். இத்தகையவர்கள் கூடி எடுத்த படத்தில் சண்டையும் பாட்டும் தமிழகச் சாயலில் இருப்பதைக் குறையாகக் கணக்கிடுவது நியாயமாகாது. அந்தச் சாயலின் முகமான எம்.ஜி.ஆரே 1917இல் பிறந்தது மலையகத்து நாவலப்பிட்டியில்தான். ஏழைக்காக எழுந்து நிற்கும் நாயகன் என்னும் வார்ப்பு மலையக ரசிகருக்கு இரவல் பொருளன்று. அந்த வார்ப்புக்குள் தொழிற்சங்கக் குரல் எங்கே புகுகிறது, கணக்கப்பிள்ளை, துரை, லயம், ஸ்டோர் என்ற சொற்கள் பாத்திரங்களின் வாயில் இயல்பாக விழுகின்றனவா என்று காதைத் தீட்டிக் கேட்பதே இவ்வகைப் படங்களை ரசிக்கும் வழி.

தமிழகத்திலிருந்து வந்தவற்றுள் பாலாவின் 'பரதேசி' (2013) தனித்த கவனத்துக்குரியது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் எழுதிய, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவலைத் தழுவிய இப்படம் இலங்கையைப் பற்றியதன்று; எனினும் ஆசை காட்டி ஆள் சேர்க்கும் கங்காணியும், முன்பணமாகத் தொடங்கி ஆயுள் முழுதும் தீராத கடனும் இரு கரைக்கும் பொதுவானவை. இலங்கையில் அக்கடன் துண்டு என்னும் சீட்டாகவே தொழிலாளியைத் தொடர்ந்தது. கடன் தொகை எழுதிய அந்தச் சீட்டைக் காட்டித்தான் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியும் என்றிருந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. படத்தில் செழியனின் ஒளிப்பதிவு மலையைக் கண்ணுக்கு இனிதாக்க மறுக்கிறது. தப்பிக்க வழியில்லாத நாயகன் பாறைமேல் அமர்ந்து கதற, தன்னைத் தேடி மனைவியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்குப் புதிய ஆட்களாக வந்து சேர்வதைக் காணும் இறுதிக் காட்சியில், அணி அணியாக ஆட்கள் ஏறிவரும் ஒற்றையடிப் பாதையையும் பார்க்க வேண்டும். அழுகை ஒருவனுடையது, பாதை ஒரு தலைமுறையினுடையது. அதேவேளை, தொழிலாளர் பக்கம் நின்று அவர்களுக்குச் சங்கம் அமைக்கப் பாடுபட்ட ஒரு கிறித்தவ மருத்துவரின் நாவலை எடுத்துக்கொண்டு, மருத்துவரை மதம் பரப்ப ஆடிப்பாடும் கேலிச் சித்திரமாக்கியது இந்தப் படத்தின் பெரும் பிழை. நாவலையும் படத்தையும் அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளும் ரசிகர் அந்தப் பிழையைத் தாமே உணர்வார்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு தடை மிஞ்சுகிறது. 'சோங் ஒஃப் சிலோன்', 'பரதேசி' இரண்டையும் தேடிப் பார்ப்பது எளிது. மலையகத்தார் தம்மைப் பற்றித் தாமே எடுத்த படங்களை நல்ல பிரதியில் பார்ப்பதுதான் அரிது. 1983 ஜூலை வன்முறையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலச்சுருள்கள் அழிந்தன. எஞ்சியவற்றைப் பேணும் ஒழுங்கான ஆவணக்காப்பகமும் இந்நாட்டில் நெடுங்காலம் இருக்கவில்லை. எனவே ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ, பழைய பெட்டிகளில் இப்படங்களின் பாட்டுப் புத்தகமோ நோட்டீஸோ சுவரொட்டியோ விமர்சனம் வந்த பத்திரிகை நறுக்கோ வைத்திருப்போர், அவற்றைக் கழிவுக் காகிதமாகப் போட்டுவிடாமல், ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் படி எடுக்கவாவது கொடுத்துதவ வேண்டும்.