காட்டேரிக் கதைகளில் தாய்: ‘கார்மில்லா’ முதல் ‘பிரேக்கிங் டான்’ வரை

ஆங்கிலத்தில் இரத்தக் காட்டேரிக் கதைகளின் தொடக்கமாக ஜான் பொலிடோரி 1819இல் வெளியிட்ட ‘தி வாம்பயர்’ என்னும் கதையைக் குறிப்பிடுவர். அன்று முதல் இவ்வகைக் கதைகள் காதல், மரணம், சாகாவரம் ஆகியவற்றைப் பேசும் கதைகளாகவே வாசிக்கப்பட்டு வருகின்றன. அந்த வாசிப்பில் தவறில்லை. ஆயினும் முக்கியமான நாவல்களை வரிசையாகப் படிப்பவர்க்கு இன்னொரு பாத்திரம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அது தாய். தன் உடலால் இன்னோர் உயிரை ஊட்டி வளர்ப்பவள் தாய். இன்னோர் உடலை உறிஞ்சித் தன்னை வளர்த்துக்கொள்வது காட்டேரி. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருப்பதால்தான் தாய் இக்கதைகளை விட்டு நீங்குவதில்லை.

இக்கதைகளில் தாய் கொடுக்கும் விலை என்ன, அந்த விலையை ‘விதி’ என்னும் கருத்து எப்படிக் கையாள்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஸ்டெஃபனி மேயரின் ‘பிரேக்கிங் டான்’ (2008) இதில் மையமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

தொன்மை வேர்கள்

குருதி குடிக்கும் ஆண் பிரபு என்னும் உருவம் பிற்காலத்தது. பழைய தொன்மங்களில் இந்த இடத்தில் பெண்ணே இருக்கிறாள். கிரேக்கத் தொன்மத்தில் வரும் லாமியா தன் பிள்ளைகளை இழந்தவள். அந்தத் துயரத்தால் பிறர் பிள்ளைகளைத் தின்னும் கொடிய உருவமாக மாறுகிறாள். ‘வாம்பயர்’ என்பதற்குத் தமிழில் வழங்கும் காட்டேரி என்னும் சொல்லும் நாட்டார் வழக்கில் ஒரு பெண் தெய்வத்தைக் குறிப்பதே. கருவுற்ற பெண்கள் அஞ்சி வழிபட்ட தெய்வம் அது. பிள்ளைப்பேறு குறித்த அச்சமும் குருதி குடிக்கும் உருவமும் அடுத்தடுத்து நிற்பவை என்பதை இவை காட்டுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு: இல்லாத தாய்

ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ (1872) தாயற்ற பெண்ணின் கதை. கதைசொல்லியான லாராவின் தாய் அவள் சிறு குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிடுகிறாள். ஆறு வயதில் ஓர் இரவு, படுக்கையருகே வந்த அழகிய பெண் ஒருத்தி லாராவைத் தடவிக்கொடுத்து அணைத்துத் தூங்க வைக்கிறாள். அடுத்து மார்பில் இரண்டு ஊசிகள் இறங்கியது போன்ற வலி. தாயின் அணைப்புக்காக ஏங்கும் பிள்ளையிடம் காட்டேரி தாயின் சாயலிலேயே வருகிறது. பின்னர் கார்மில்லாவை அந்த மாளிகையில் விட்டுச் செல்பவளும் அவளுடைய ‘தாய்’ என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பெண்தான். அவள் யார் என்று நாவல் கடைசிவரை விளக்குவதில்லை. லாராவின் உண்மைத் தாயோ கார்மில்லாவின் குலத்தில் வந்தவள். ஆகவே ஆபத்தும் தாய்வழியில்தான் வருகிறது.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) இன்னும் வெளிப்படையானது. காட்டேரியான லூசி தேடிச் செல்வது சிறு குழந்தைகளை. மார்போடு அணைத்திருந்த குழந்தையை அவள் தரையில் எறியும் காட்சியே, அவள் இனி பெண்ணல்லள் என்று மற்றவர்கள் முடிவு செய்யக் காரணமாகிறது. டிராகுலா தன் மார்பைக் கீறி மினாவைக் குடிக்க வைக்கும் காட்சி, பாலூட்டலின் கொடூரமான நகல். கோட்டை வாசலில் தன் பிள்ளையைக் கேட்டு அலறும் ஊர்ப் பெண்ணை ஓநாய்கள் கொல்கின்றன. அவளுக்கு நாவலில் பெயர்கூட இல்லை. இறுதியில் மினா ஓர் ஆண் குழந்தைக்குத் தாயாவதோடு உலகம் சீராகிறது. குழந்தையைத் தின்பவள் அழிய வேண்டும், குழந்தையைப் பெறுபவள் வாழ வேண்டும் என்பதே நாவலின் தீர்ப்பு.

ஆன் ரைஸ்: துயரத்தின் குரல்

ஆன் ரைஸின் மகள் மிஷெல் 1972இல், ஆறு வயது நிறையும் முன்பே, இரத்தப் புற்றுநோயால் இறந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ (1976). அதில் வரும் கிளாடியா, கொள்ளைநோயில் இறந்த தாயின் உடலருகே அழுதுகொண்டிருக்கும் ஐந்து வயதுக் குழந்தை. அவளைக் காட்டேரியாக்கிச் சாகாதவளாக மாற்றுகிறார்கள். மனம் பல பத்தாண்டுகள் முதிர்கிறது. உடலோ ஐந்து வயதிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளையை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை நிறைவேறினால் பிள்ளைக்கு என்ன நேரும் என்று நாவல் கேட்கிறது. தன் மகளை இழந்து பொம்மைகள் செய்து வாழும் மேடலின் என்னும் பெண்ணைக் கிளாடியா தனக்குத் தாயாகத் தேர்ந்துகொள்கிறாள். இருவரும் ஒன்றாகவே வெயிலில் எரிந்து சாம்பலாகிறார்கள். ரைஸ் இங்கே யாருக்கும் எதையும் ஈடுகட்டித் தரவில்லை. அதனாலேயே இந்நாவல் இன்றும் கனக்கிறது.

அடுத்து வந்த ‘தி வாம்பயர் லெஸ்டாட்’ (1985) நாவலில் சாகும் தறுவாயில் உள்ள தன் தாய் கேப்ரியேலை லெஸ்டாட் காட்டேரியாக்குகிறான். தாயைத் தக்கவைத்துக்கொள்ள அவன் செய்த செயல் தாயையே இல்லாமல் ஆக்குகிறது. அவள் ஆண் உடை அணிந்து, மகனை விட்டுக் காடுகளை நோக்கிச் சென்றுவிடுகிறாள்.

‘பிரேக்கிங் டான்’: கர்ப்பம்

2005இல் தொடங்கிய ‘ட்விலைட்’ தொடரின் நான்காம் நூல் இது. பெல்லா மனிதப் பெண்ணாக இருக்கும்போதே காட்டேரியான எட்வர்டின் குழந்தையைச் சுமக்கிறாள். கரு அவளை உள்ளிருந்து உடைக்கிறது. விலா எலும்புகள் முறிகின்றன. உணவு தங்குவதில்லை. கோப்பையில் மனித இரத்தம் குடித்த பிறகே அவளுக்குத் தெம்பு வருகிறது. அதைச் சுற்றியுள்ளோர் எப்படிப் பெயரிடுகிறார்கள் என்பதிலேயே ஒரு சண்டை நடக்கிறது. சிலர் ‘கரு’ என்கிறார்கள். பிள்ளைக்காக ஏங்கிய ரோசலி ‘குழந்தை’ என்று திருத்துகிறாள்.

தொடரின் வலுவான பகுதி இதுதான். கர்ப்பம் என்பது ஆபத்து, ஒரே உடலில் இரண்டு உயிர்கள் போட்டியிடும் நிலை என்பதை இளையோருக்கான ஒரு நூல் மறைக்காமல் சொல்கிறது. ஆனால் நாவலின் கட்டமைப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் பெல்லாவின் குரலில் அமைந்தவை. கர்ப்பமும் பிரசவமும் வரும் நடுப்பகுதியை ஜேக்கப் சொல்கிறான். பேச வேண்டிய இடத்தில் தாயின் குரல் எடுக்கப்பட்டுவிடுகிறது. அவள் படும் வலியை நாம் ஓர் இளைஞனின் கோபத்தின் வழியாகவே அறிகிறோம்.

விதி தீர்க்கும் கடன்

பிரசவத்திற்குப் பின் நாவல் திசை மாறுகிறது. புதிதாக மாறிய காட்டேரிகள் தாகத்தை அடக்க முடியாதவர்கள் என்று முந்தைய நூல்கள் சொல்லியிருந்தன. பெல்லாவோ முதல் நாளிலிருந்தே அடக்கிக்கொள்கிறாள். குழந்தையைக் கொல்ல வந்த ஜேக்கப், அதைப் பார்த்த நொடியிலேயே தன் விருப்பத்தை மீறிய பந்தத்தால் அதனோடு கட்டுண்டு விடுகிறான். பிறந்த குழந்தைக்குத் துணைவன் இன்னார் என்று அப்போதே முடிவாகிவிடுவது பல வாசகர்களுக்கு ஒவ்வாமையைத் தந்தது. அந்தக் குழந்தைக்கு அதில் தேர்வு இருக்கிறதா என்ற கேள்வியை நாவல் முழுமையாக எதிர்கொள்வதில்லை. வேகமாக வளரும் ரெனெஸ்மி சீக்கிரம் இறந்துவிடுவாளோ என்ற அச்சமும் கடைசியில் நீங்கிவிடுகிறது. மூண்டே தீரும் என்றிருந்த போர் நடப்பதில்லை.

விலை கொடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் ஓரத்தில் இருக்கிறார்கள். ஒரு சிறுவனைக் காட்டேரியாக்கி வளர்த்ததற்காக சாஷா அவனோடு எரிக்கப்படுகிறாள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த பிரே, பெல்லாவைப் போலவே காட்டேரியின் பிள்ளையைச் சுமந்து பிரசவத்தில் இறக்கிறாள். அவள் மகன் நாவேல், தாயைக் கொன்று பிறந்தவன் என்ற எண்ணத்தோடு நூற்றைம்பது ஆண்டுகள் வாழ்கிறான். பெல்லாவின் தாய் ரெனேயும் இழப்புக்கு உரியவளே. பேத்தியின் பெயரில் பாதி ரெனேயுடையது. ஆனால் பேத்தி இருப்பதே அவளுக்குச் சொல்லப்படுவதில்லை.

பிரே இறந்தாள், பெல்லா பிழைத்தாள். இந்த வேறுபாட்டுக்கு நாவல் தரும் தொனி, பெல்லா இந்த வாழ்வுக்கென்றே பிறந்தவள் என்பது. நாவலின் நிகழ்ச்சிகளோ வேறொன்றைச் சொல்கின்றன. பெல்லா இருந்தது ஒரு மருத்துவரின் வீட்டில். அங்கே இரத்தம் சேமிப்பில் இருந்தது. மருத்துவம் படித்த கணவன் அருகில் இருந்தான். ரோசலி இரவும் பகலும் பக்கத்தை விட்டு அகலவில்லை. பிரேயிடம் இருந்தது ஒரு சகோதரி மட்டுமே. வசதியும் கவனிப்பும் காப்பாற்றிய உயிரை விதி காப்பாற்றியதாக நாவல் எழுதிக்கொள்கிறது. அதன் மிகப் பெரிய பலவீனம் இதுவே.

மாற்று வழி: ‘ஃபிளெட்ஜ்லிங்’

‘ட்விலைட்’ வெளிவந்த அதே 2005இல் ஆக்டேவியா பட்லரின் கடைசி நாவலான ‘ஃபிளெட்ஜ்லிங்’ வந்தது. ஐம்பத்து மூன்று வயதாகியும் சிறுமியின் தோற்றத்தில் இருக்கும் ஷோரி, படுகாயத்தோடு ஒரு குகையில் கண்விழிக்கிறாள். நினைவு முழுதும் போய்விட்டது. தாய்மாரும் சகோதரிகளும் கொல்லப்பட்டிருக்கிறார்கள். வெயிலைத் தாங்கும்படி மனித மரபணுவைக் கலந்து, கறுப்பு நிறத்தோடு அவளை உருவாக்கியவர்கள் அவளுடைய குலத்தாரே. அதை வெறுத்தவர்களே அந்தக் கொலைகளைச் செய்தார்கள்.

இங்கே ஷோரியின் சிறப்பு எழுதிவைத்த விதியால் வந்ததன்று. முந்தைய தலைமுறை எண்ணிச் செய்த செயலின் விளைவு. அதற்கான விலையையும் நாவல் திருப்பித் தருவதில்லை. வழக்கில் அவள் வெல்கிறாள். தாய்மாரின் முகம் மட்டும் நினைவுக்கு வருவதேயில்லை. அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அவள் பிறரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மதிப்பீடு

‘பிரேக்கிங் டான்’ புறக்கணிக்க வேண்டிய நூலன்று. காட்டேரிக் கதையில் நெடுங்காலம் இறந்தவளாகவோ பொய்யானவளாகவோ இருந்த தாயை அது கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. அவள் உடலில் நிகழ்வதை அஞ்சாமல் காட்டியது. அதன் பின்னர் அவள் பட்டதையெல்லாம் விதியின் பரிசாக மாற்றிக் கணக்கை முடித்துவிட்டது. ரைஸும் பட்லரும் அந்தக் கணக்கைத் திறந்தே விட்டார்கள்.

இவ்வகைப் புனைவைப் படிக்கும் மாணவர்கள், ஒரு பாத்திரம் ‘இதற்கென்றே பிறந்தவள்’ என்று சொல்லப்படும் இடத்தில் நின்று, அவளைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார், அதே நிலையில் கைவிடப்பட்டவர்கள் யார் என்று தேடலாம். அந்த விடை பெரும்பாலும் நாவலுக்குள்ளேயே, பிரே போல ஓரிரு பக்கங்களில் வந்து போகும் ஒருத்தியின் கதையாக இருக்கும்.