நீமோவின் தொட்டியில் நீர் எப்படி இருந்தது?

பிக்சார் நிறுவனத்தார் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபைண்டிங் நீமோ' என்னும் படத்தை நம் மாணவர்களில் பலர் கண்டிருப்பர். ஆண்ட்ரூ ஸ்டான்ட்டன் இயக்கிய இப்படம் நீருக்குள் ஒளி பரவும் விதத்தைக் காட்டும் நேர்த்தியை, இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் மனமாரப் பாராட்டுவேன். மேற்பரப்பின் அலைகள் வில்லைகளைப் போல் ஒளியைக் குவித்துக் கடல்தரையில் ஆடும் வலைக்கோடுகளை வரைவதை வகுப்பில் கரும்பலகையில் விளக்குவதைவிட இப்படத்தில் காட்டிவிடுவது எளிது. ஆடம் சம்மர்ஸ் என்னும் மீனியல் அறிஞரிடம் ஆலோசனை கேட்டுச் செய்த படம் அல்லவா! தாய் மீன் இறந்தால் அவ்வினத்தில் தந்தை மீன் பெண்ணாக மாற வேண்டுமே என்று சிலர் குறை கூறுவர். கதைக்கு அந்தச் சலுகையை அளித்துவிடலாம். என் குறை வேறு. அது சிட்னி நகரப் பல் மருத்துவர் ஒருவரின் அறையிலுள்ள கண்ணாடித் தொட்டியைப் பற்றியது.

அத்தொட்டியிலிருந்து தப்பிக்க மீன்கள் ஒரு திட்டம் வகுக்கின்றன. வடிகட்டியின் சுழலும் பகுதியில் கூழாங்கல்லைச் செருகி அதை நிறுத்திவிட்டால் தொட்டி அழுக்கடையும். கழுவுவதற்காக மருத்துவர் மீன்களைப் பிளாஸ்டிக் பைகளில் எடுத்து வைப்பார். பையோடு உருண்டு சன்னல் வழியே கடலை அடைந்துவிடலாம். முதல் முயற்சி தோற்று, பின்னர் வடிகட்டி நிற்கிறது. தொட்டி முழுதும் பச்சைப் பாசி படர்கிறது. மீன்களோ கேலி பேசிக்கொண்டு நலமாகவே இருக்கின்றன.

வடிகட்டி என்றதும் காபி வடிகட்டியைப் போன்ற ஒரு சல்லடையை நினைத்துக்கொள்வதால் வரும் பிழை இது. மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள்கள் வழியே வெளியேற்றுகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் அடிமணலிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இக்குடியிருப்பு நிலைபெற ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நீரோட்டம் நின்றுபோனால் மூடிய வடிகட்டிக்குள் இவை ஆக்ஸிஜன் இன்றி நலிகின்றன. அம்மோனியாவோ தொட்டியில் கூடிக்கொண்டே போகிறது. அதற்கு நிறமில்லை; மீனை வருத்தும் அளவில் நம் மூக்குக்கும் அது எட்டுவதில்லை. ஆக, நாம் அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாதது. படம் அஞ்சச் சொல்லும் பச்சைப் பாசியோ அம்மோனியாவை உணவாக உறிஞ்சிக்கொள்வது!

இதைவிட வேடிக்கை, மருத்துவர் வாங்கி வைக்கும் புதிய கருவி. அது தொட்டியை ஒளிக்கற்றையால் அளந்து, வெப்பநிலை 82 டிகிரி என்றும் பி.எச். அளவு சரி என்றும் அறிவிக்கிறது. 82 பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 28 சென்டிகிரேடு; பவளப்பாறை மீன்களுக்கு ஏற்றதே. ஆனால் கருவி அம்மோனியாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீரில் கரைந்த அம்மோனியாவில் ஒரு பகுதி அயனியாகவும் எஞ்சியது அயனியாகாமலும் இருக்கும். அயனியாகாத பகுதியே கொடியது. 25 டிகிரி சென்டிகிரேடில், பி.எச். 7-இல் அது ஏறத்தாழ அரை சதவீதம், பி.எச். 8-இல் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். கடல்நீரின் இயல்பான பி.எச். 8-க்குச் சற்று மேல். 'சரி' என்று கருவி சான்றளிக்கும் அந்த அளவில்தான் அம்மோனியாவின் நஞ்சு ஓங்கி நிற்கிறது.

சிறுவர் படத்தில் இவ்வளவு தேட வேண்டுமா என்று கேட்கலாம். நானும் தேடியிருக்கமாட்டேன். இப்படத்தைக் கண்ட மறுநாள் என் ஏழு வயது மகன் வீட்டுத் தொட்டியைக் காட்டி, "அப்பா, நம்ம தொட்டியும் நீமோ தொட்டி மாதிரி ஆயிடுச்சு" என்று கண் கலங்கினான். இரண்டு தங்கமீன்கள், கண்ணாடியில் கொஞ்சம் பாசி. அந்த ஞாயிற்றுக்கிழமையே நீர் முழுவதையும் இறைத்து, மணலை அலசி, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவினேன். குழாய் நீரில் குளோரின் இருந்தது. இயற்பியல் படித்த எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. தொட்டி பளிங்குபோல் ஆயிற்று, மகன் கைகொட்டினான். மூன்றாம் நாள் இரு மீன்களும் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. துடுப்பில் சிவப்புக் கோடுகள். மீன் கடையில் சொன்னபோது, நீரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு நீல மருந்தைக் கொடுத்தார்கள். பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் உதவும் அம்மருந்து, எஞ்சியிருந்த நல்ல பாக்டீரியாவையும் ஒடுக்கக் கூடியது. மறுநாள் காலை பெரிய மீன் இறந்து கிடந்தது.

பின்னர்தான் அம்மோனியாவைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டியை வாங்கினேன். மருந்தை நிறுத்தி, தீனியை நிறுத்தி, குளோரின் நீக்கிய நீரை நாள்தோறும் நான்கில் ஒரு பங்கு மாற்றி, காற்றுக் குழாயை இரவும் பகலும் ஓடவிட்டதில் சின்ன மீன் பிழைத்தது.

காற்றுக் குழாய் என்றதும் படத்தின் மஞ்சள் மீன் நினைவுக்கு வருகிறது. பொம்மைப் புதையல் பெட்டி திறந்து குமிழிகள் எழும்போதெல்லாம் அது பித்துப் பிடித்து ஓடும். அரங்கில் சிரிப்பு. ஆனால் வடிகட்டி நின்ற அந்த நாட்களில் அத்தொட்டியைக் காக்கக் கூடியது அப்பெட்டி ஒன்றே. குமிழிகள் தாமாகத் தரும் ஆக்ஸிஜனைக் காட்டிலும், அவை அடிநீரை மேலே இழுத்துப் பரப்பைக் குலைப்பதால் கரையும் ஆக்ஸிஜனே பெரிது. நன்னீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் வரை ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். கடல்நீரில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் இந்தக் கணக்கு எவ்வளவு இறுக்கமாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் சரியாகச் சொன்ன ஓர் இடமும் உண்டு. புதிதாக வந்த நீமோவை, கடலிலிருந்து வந்தவன், தூய்மை செய்யப்படாதவன் என்று கண்டு மீன்கள் அலறுகின்றன. உடனே இறால் ஒன்று அவனைத் துப்புரவு செய்கிறது. புதுமீன் நோயைக் கொண்டுவரும் என்பது உண்மை. ஆனால் வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் புதைந்து வாழ்வது. மேலே துடைத்தால் போகாது. புதுமீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதே வழி.

இறுதிக் காட்சியில் மீன்கள் கட்டிய பைகளோடு கடலில் மிதக்கின்றன. இனி என்ன என்று ஒரு மீன் கேட்பதோடு படம் முடிகிறது. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு கரைந்து பி.எச். இறங்குவதால் அம்மோனியாவின் கொடுமை தணிந்திருக்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேறும், பி.எச். ஏறும், தணிந்திருந்த நஞ்சு தலைதூக்கும். கடையிலிருந்து வெகுநேரம் பயணம் செய்து வந்த மீனைத் திறந்த பையிலேயே அரைமணி நேரம் போட்டுவைக்கும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. இப்போது, கட்டிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் அவிழ்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுகிறோம். பை நீர் சாக்கடைக்குப் போகிறது.