ஆட்டநேரம் யார் கையில்? இலங்கையிலும் இந்தியாவிலும் கோல்ஃப் விடுமுறை விற்பனை

கோல்ஃப் விடுமுறையை விற்கும் விடுதிகளின் விளம்பரத் தாள்களில் பசும்புல்லும் நீர்நிலையும் மாலை வெயிலும் தவறாமல் இடம்பெற்றாலும், பயண வணிகத்தார் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. பயண வணிகம் என்பது பயணியிடம் நேரடியாக விற்பதைக் குறிப்பதன்று. பயணத் தொகுப்புகளை அமைத்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், அவற்றுக்காக உள்ளூரில் அறை, வண்டி, வழிகாட்டி ஆகியவற்றை ஏற்பாடு செய்யும் உள்வருகை முகவர்கள், இருவருக்கும் அறைகளையும் மைதானங்களையும் மொத்த விலைக்குக் கொடுக்கும் விடுதிகள் ஆகியோரிடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலையே அது குறிக்கிறது. அடுத்த குளிர்காலத்துக்கான தொகுப்பை இப்போதே அச்சிட வேண்டிய லண்டன் நிறுவனத்துக்கு வேண்டியவை இரண்டுதான்: குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மணிக்குத் தன் வாடிக்கையாளர் நால்வர் முதல் குழியில் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்ற உறுதி, அதற்கான மாறாத விலை. அந்த ஒதுக்கப்பட்ட நேரத்தையே இத்தொழிலில் 'டீ டைம்' என்கிறார்கள். இலங்கையும் இந்தியாவும் கோல்ஃப் சுற்றுலாவை விற்கும் முறைகளில் காணும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை, இந்த ஆட்டநேரத்தை ஒதுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியில் வந்து முடிகின்றன.

கோல்ஃப் பயணம் தனித் தொழிலாக உருப்பெற்றதே அண்மையில்தான். பன்னாட்டுக் கோல்ஃப் பயண ஏற்பாட்டாளர் சங்கமான ஐ.ஏ.ஜி.டி.ஓ. 1997இல் தொடங்கியது, விற்போரும் வாங்குவோரும் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு மேசைக்கு மேசை பேசி முடிக்கும் சந்தைகள் அதையொட்டி வளர்ந்தன. பொதுப் பயணச் சந்தையில் ஒரு நாட்டின் அரங்கு நடனமும் தேநீரும் கொண்டு கூட்டம் சேர்க்கலாம். கோல்ஃப் சந்தையின் மேசையிலோ, வார இறுதியில் விருந்தினரை அனுமதிப்பீர்களா, கேடி கட்டணம் சேர்ந்த விலையா, மழையால் ஆட்டம் நின்றால் பணம் திரும்புமா என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, காற்றின் போக்கையும் புல்லின் சாய்வையும் சொல்லிக் கொடுக்கும் உதவியாளரே கேடி. தெற்காசியாவில் இவருடைய கூலி குறைவாக இருப்பதால் அது பெரும்பாலும் தொகுப்பு விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இலங்கையில் விற்பனைக்கு ஏற்ற மைதானங்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். 1879இல் காலிமுகத் திடலில் தொடங்கி, 1896இல் பொரளைப் பக்கத்துக்கு இடம்பெயர்ந்து, 1928இல் 'ராயல்' பட்டம் பெற்ற கொழும்புக் கழகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலையகத் துரைமார் காலத்தில் உருவான நுவரெலியாக் கழகம். கண்டிக்குக் கிழக்கே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், டொனால்ட் ஸ்டீலின் வடிவமைப்பில் 1999இல் திறக்கப்பட்ட விக்டோரியா கோல்ஃப் விடுதி. 2016இல் அம்பாந்தோட்டையில் 300 அறைகளோடு திறந்த ஷங்கிரி-லா விடுதியின் மைதானம். விமானப்படை நடத்தும் மைதானங்கள் சீனன்குடாவிலும் அனுராதபுரத்திலும் இருந்தாலும், வெளிநாட்டுத் தொகுப்புகளில் முன்னிற்பவை இந்த நான்கே. கோல்ஃபுக்காக மட்டுமே பயணம் செய்வோர் ஒரே வாரத்தில் எட்டு மைதானங்களில் ஆட விரும்பித் தாய்லாந்துக்கோ போர்ச்சுகலுக்கோ போய்விடுவதால், வெறும் எண்ணிக்கைப் போட்டியில் இலங்கைக்கு இடமில்லை.

ஆயினும் இந்த நான்கும் அமைந்திருக்கும் இடம் விற்பவருக்குக் கைகொடுக்கிறது. கொழும்பு, கண்டி, நுவரெலியா, தெற்குக் கடற்கரை என்பது இலங்கைக்கு வரும் ஏறத்தாழ எல்லாச் சுற்றுலாப் பயணிகளும் போகும் வழி. தலதா மாளிகைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் யால வனத்துக்கும் போகிறவரின் பாதையிலேயே மைதானங்களும் இருப்பதால், உள்வருகை முகவர் புதிய பயணத்தை வகுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் பயணத்தில் நான்கு காலைப் பொழுதுகளை ஒதுக்கினால் போதும். கணவர் ஆட, மனைவி பேராதனைப் பூங்காவுக்குப் போகலாம் என்ற ஏற்பாடு இங்கு உண்மையிலேயே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ஒரே பயணத்தில் கடல்மட்டத்திலும் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலும் ஆடலாம் என்பதும் கோல்ஃபர்களிடம் எடுபடும் செய்தி. நுவரெலியாவின் மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தொலைவு பறக்கும் என்பதால், எந்த மட்டையை எடுப்பது என்ற கணக்கையே அங்கு மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. கொழும்பு மைதானத்தைக் களனிவெளி ரயில்பாதை ஊடறுத்துச் செல்கிறது. ரயில் கடக்கும் வரை மட்டையை ஊன்றிக் காத்திருப்பது அங்கு வழக்கமானது, விற்பனைத் தாள்களும் இதைக் குறையாக மறைக்காமல் வேடிக்கையாக முன்வைக்கின்றன.

மழைக் கணக்கும் இலங்கைக்குச் சாதகமானதே. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை கொழும்பையும் மலையகத்தையும் நனைக்கும்போது, உலர்வலயத்தில் இருக்கும் அம்பாந்தோட்டை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். மத்தள விமான நிலையம் 2013இல் திறந்தும் கால அட்டவணைப்படியான விமானங்கள் அங்கு நிலைக்காததால், அம்பாந்தோட்டையை விற்பது நெடுங்காலம் சாலைத் தொலைவோடு மல்லுக்கட்டுவதாகவே இருந்தது; தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2020இல் அதுவரை நீண்ட பிறகே கொழும்பிலிருந்து போகும் நேரம் முகவர்கள் தயங்காமல் சொல்லும் அளவுக்குக் குறைந்தது.

2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் வழி உருவான இலங்கைச் சுற்றுலா ஊக்குவிப்புப் பணியகம், விற்பனைக்காக நடத்தும் முயற்சிகளில் 'ஃபேம் டிரிப்' எனப்படும் அறிமுகப் பயணமும் ஒன்று. வெளிநாட்டு முகவர்களை அழைத்து, விமானச் சீட்டும் அறையும் கொடுத்து, தாங்கள் விற்கப்போவதைத் தாங்களே பட்டறியச் செய்வதே இதன் நோக்கம். கோல்ஃப் அறிமுகப் பயணத்தில் இது சற்று நுட்பமானது. மட்டைப் பை ஒவ்வொன்றும் ஓர் ஆளின் மார்பளவு உயரம் இருக்கும். நான்கு ஆட்டக்காரரும் நான்கு பைகளும் நான்கு பெட்டிகளும் சாதாரண வேனில் அடங்கா. மலைச்சாலை வளைவுகளில் பைகள் மடியில் வந்து விழுந்தால், விடுதியின் விருந்து எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் முகவரின் குறிப்பேட்டில் அதுதான் முதலில் ஏறும். நாடு சிறியதாகவும் மைதானங்கள் சிலவாகவும் இருப்பதால், இத்தகைய குறைகளை நான்கு மைதானங்களின் பொறுப்பாளர்களையும் இரண்டு மூன்று முகவர் நிறுவனங்களையும் கூட்டிப் பேசியே சரிசெய்துவிட முடிகிறது. நுவரெலியாக் கழகம் பயணிகளுக்குத் தற்காலிக உறுப்புரிமை வழங்குவதும், விக்டோரியாவிலும் அம்பாந்தோட்டையிலும் மைதானத்தை நடத்துவோரிடமே தங்குமிடமும் இருப்பதும் ஆட்டநேரத்தை விற்பவரின் கைக்கு எட்டச் செய்கின்றன.

இந்தியாவின் நிலை ஏறத்தாழ இதற்கு எதிரானது. 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தாக் கழகம் பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது. நாடு முழுவதும் 200க்கு மேற்பட்ட மைதானங்கள் உள்ளன. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் குல்மார்க், ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த மானேசர், பழங்காலக் கல்லறைகளுக்கு நடுவே மயில்கள் உலவும் டெல்லிக் கழகம் என்று சொல்லிக்கொள்ளவும் குறைவில்லை. சுற்றுலா அமைச்சகம் கோல்ஃபைத் தனிநோக்குச் சுற்றுலா வகைகளுள் ஒன்றாகச் சேர்த்து, வழிகாட்டு நெறிகளை வகுத்து, இந்தியக் கோல்ஃப் சுற்றுலாக் குழு என்ற அமைப்பையும் ஏற்படுத்தி, போட்டிகளுக்கும் சந்தைப் பங்கேற்புக்கும் நிதியுதவிக்கு வழி செய்தது. தாளளவில் பார்த்தால் இலங்கையைவிட முறையான ஏற்பாடு இதுவே.

ஆனால் இந்த மைதானங்களில் பெரும்பகுதி விற்பனைக்கு உரியனவல்ல. பழைய கழகங்கள் உறுப்பினர்களின் சொத்து. உறுப்புரிமைக்காகப் பல்லாண்டு காத்திருந்து உள்ளே வந்தவர், சனிக்கிழமைக் காலையில் தம் இடத்தில் வெளிநாட்டு விருந்தினர் ஆடுவதைப் பொறுக்கமாட்டார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. இன்னொரு பெரும்பகுதி படையினரிடம் இருக்கிறது. பாதுகாப்புத் துறை நிலங்களைப் பற்றிய 2010–11ஆம் ஆண்டின் அறிக்கையில் தலைமைக் கணக்குத் தணிக்கையர், 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட இராணுவ நிலத்தில் 97 கோல்ஃப் மைதானங்கள் இயங்குவதைச் சுட்டிக்காட்டினார். பயிற்சிக்கும் படைப் பயன்பாட்டுக்கும் உரிய நிலத்தில் அமைந்தவை பயணத் தொகுப்பில் ஏற முடியாதது இயல்பே. ஆகவே அமைச்சகம் நிதி கொடுக்கலாம், அரங்கு அமைக்கலாம். ஆட்டநேரத்தைக் கொடுக்க அதனால் இயலாது. வழிகாட்டு நெறிகளின் பலவீனம் அவற்றின் வாசகத்தில் இல்லை. விற்க வேண்டிய பொருளின் சாவி எழுதியவரிடம் இல்லை என்பதே அது.

இதன் விளைவாக இந்தியாவில் கோல்ஃப் விடுமுறை நாட்டளவில் விற்கப்படாமல் விடுதியளவில் விற்கப்படுகிறது. மைதானமும் அறையும் ஒரே நிர்வாகத்தில் இருக்கும் இடங்கள், குறிப்பாக மானேசரில் 2014இல் வந்த ஐ.டி.சி. விடுதி, பெங்களூரு விமான நிலையத்துக்கு அப்பால் நந்தி மலையடியில் பிரெஸ்டீஜ் கோல்ஃப்ஷயரை ஒட்டி 2022இல் திறந்த விடுதி போன்றவை, தம் விற்பனையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. இவை பெரும்பாலும் நிறுவனக் கூட்டங்களுக்கும் திருமணங்களுக்கும் அறை நிரப்புபவை. கோல்ஃப் அங்கே கூடுதல் கவர்ச்சியாக இருக்கிறதே தவிர, வருகைக்குக் காரணமாக இருப்பதில்லை. பருவமும் இங்கு ஒத்துழைப்பதில்லை. ஐரோப்பியர் குளிருக்குத் தப்பி வெயிலைத் தேடும் டிசம்பர், ஜனவரியில்தான் டெல்லி மூடுபனியில் மூழ்குகிறது. விமானம் தாமதமாவதோடு, விடியல் ஆட்டநேரங்களும் பந்து கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிப்போகின்றன. அதே மாதங்களில் குல்மார்க் பனியின் கீழ் இருக்கிறது.

தமிழகத்தின் மலைக் கழகங்களை நுவரெலியாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். உதகையின் ஜிம்கானா மைதானம், வெலிங்டன் மைதானம், 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கழகம் ஆகியவையும் நுவரெலியாவும் ஒரே காலனியக் குடும்பத்தின் பிள்ளைகள்: சமவெளி வெயிலுக்கு அஞ்சிய ஆங்கில அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் மலையில் தங்கள் ஊரைப் போலி செய்து கட்டியவை. உதகை மைதானம் நுவரெலியாவைவிட உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலில் காட்டுமாடுகள் புல்வெளிக்கே மேய வந்துவிடும். அழகிலோ பழமையிலோ குறை எதுவும் இல்லை. ஆயினும் நுவரெலியா வெளிநாட்டுத் தொகுப்புகளின் நிலையான இரண்டு இரவாக இருக்க, நீலகிரியையும் பழனி மலையையும் இணைக்கும் கோல்ஃப் பாதை என்று ஒன்று பயணச் சந்தையில் வேர்பிடிக்கவில்லை. கோவை விமான நிலையத்திலிருந்து மலையேறும் வழியில் வாகன நெரிசலும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வந்த இ-பாஸ் முறையும் ஒரு பக்கத் தடை. மாநிலச் சுற்றுலாத் துறையின் கவனம் கோவில்களிலும் கோடைவிழாவிலும் நிற்பது மறுபக்கத் தடை. மலையின் தாங்குதிறனை எண்ணும்போது இந்தத் தேக்கம் நன்மைக்கே என்று வாதிடுவோரையும் எளிதில் மறுத்துவிட முடியாது.

நிலம் பற்றிய வழக்குகள் இரு நாடுகளிலும் விற்பவரின் உறுதிமொழியை ஆட்டங்காணச் செய்பவை. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று கையகப்படுத்திய நிலம் தனியார் கோல்ஃப் மைதானத்துக்குப் போனதை இலங்கை உச்ச நீதிமன்றம் 2008 அக்டோபரில் ரத்துச் செய்து, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 'வாட்டர்ஸ் எட்ஜ்' வழக்கு என்றே அது பேர்பெற்றது. சென்னையில் கிண்டி பந்தயத் திடலின் குத்தகையைத் தமிழக அரசு 2024இல் முடிவுக்குக் கொண்டுவந்தபோது, திடலின் நடுவே இருந்த ஜிம்கானா கோல்ஃப் மைதானமும் அதையொட்டி எழுந்த வழக்குக்குள் இழுக்கப்பட்டது. நகரின் நடுவே அரசு நிலத்தில் இருக்கும் மைதானத்தை அடுத்த ஆண்டுக்கும் அச்சிட்டு விற்பது, முகவருக்கு எப்போதும் ஓரளவு சூதாட்டமே.

விற்பவர்களாக இருவரும் ஒருவரோடொருவர் போட்டியிடுவதாகத் தோன்றினாலும், இலங்கையின் உண்மையான இந்தியத் தொடர்பு வாங்குபவரோடு இருக்கிறது. இலங்கைக்கு வரும் வெளிநாட்டவருள் இந்தியரே முதலிடத்தில் நிற்கிறார்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். இந்தியத் தொழில்முறைக் கோல்ஃப் சுற்று கொழும்பிலும் போட்டிகளை நடத்தியிருக்கிறது, இலங்கையின் என். தங்கராஜாவும் மிதுன் பெரேராவும் அந்தச் சுற்றில் பட்டங்கள் வென்றவர்கள். ஆகவே பெங்களூரு, சென்னைக் கழகங்களின் ஆட்டக்காரருக்குக் கொழும்பு மைதானம் அறியாத ஊரன்று. உள்நாட்டில் தம் கழகத்துக்கு வெளியே வார இறுதி ஆட்டநேரம் கிடைக்காத இந்திய கோல்ஃபர், தீவில் பணம் கொடுத்து அதைப் பெறுகிறார் என்பதே இந்த விற்பனையின் அடிப்படை. இதில் முகவருக்குக் கிடைக்கும் பங்கு மட்டும் நிச்சயமற்றது: பழைய கழகங்கள் பல தமக்குள் பரஸ்பர உறுப்புரிமை வைத்திருப்பதால், பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று, ஒரு கழகச் செயலாளர் மற்றொருவருக்கு எழுதும் கடிதத்தின் பேரிலேயே மைதானத்துக்குள் நுழைந்துவிடுகிறது, முகவருக்கு எஞ்சுவது அறையும் வேனும் விமான நிலைய வரவேற்பும்தான்.