பூட்டி வைத்த படம்

1948இல் பரமவுண்ட் வழக்கின் தீர்ப்பு, அமெரிக்கப் பெரும் ஸ்டூடியோக்களைத் தமது தியேட்டர்களைக் கைவிடச் செய்தது. நல்ல படத்தோடு நாலு சொத்தைப் படங்களையும் தியேட்டர்காரரின் தலையில் கட்டுவதும் தடைப்பட்டது. சுயாதீனத் தயாரிப்பாளருக்குத் திரை கிடைத்தது. 2020இல் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

2022 ஏப்ரலில் வார்னரும் டிஸ்கவரியும் ஒன்றாயின. ஓகஸ்டில், படப்பிடிப்பு முடிந்திருந்த 'பேட்கேர்ள்' கிடப்பில் போடப்பட்டது.

கூலிதான் கொடுத்தாயிற்றே என்பார்கள். குசினியில் எனக்கும் சம்பளம் தருகிறார்கள். ஆனாலும் சமைத்ததை யாரும் உண்ணாமல் குப்பையில் கொட்டினால் மனம் பொறுக்குதில்லை. எடிட்டருக்கும் உடை தைத்தவருக்கும் அடுத்த வேலை கேட்கையில் காட்டுவதற்கு அந்தப் படம்தான் சாட்சி. தணிக்கைக்கு அரசாங்கம்தான் வேண்டுமென்றில்லை, கணக்காளரே போதும். வெளியிடாத படத்தை வேறு இடத்தில் விற்கும் உரிமை, படைத்தவர்களின் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.