ஒலிப்பதிவுச் சஞ்சிகைகள் மூன்று: ஓர் ஒப்புநோக்கு

காவியங்களை மதிப்பிடுதற்கு நம்மவர் வகுத்த அளவுகோல்கள் பல. தொழிற்றுறைச் சஞ்சிகைகளை மதிப்பிடுதற்கோ நாம் அத்துணைக் கருத்துச் செலுத்தவில்லை. கைவினை பற்றிய ஏடு திறனாய்வுக்கு உரியதன்று என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும். ஆயினும், வீட்டறையிலிருந்தே இசையைப் பதிவு செய்தலும் கணினிகொண்டு இசை இயற்றலும் மாணவர் பலர்க்குக் கைகூடிவிட்ட இந்நாளில், அக்கலையைக் கற்பிக்கும் ஏடுகளின் இயல்பை ஆராய்தல் கல்வியாளர் கடனாகும்.

ஒலிப்பதிவு நெடுங்காலம் பெருநிலையங்களுக்கே உரியதாய் இருந்தது. 1979இல் டாஸ்காம் நிறுவனம் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியவல்ல ஒலிநாடாக் கருவியை வெளியிட்டபோது அவ்வுரிமை தளர்ந்தது. 1983இல் மின்னிசைக் கருவிகள் தம்முட் பேசிக்கொள்ளுதற்கு ‘மிடி’ என்னும் பொதுமரபு அமைந்தது. 1985இல் அம்மரபுக்குரிய துளைகளை உடலிலேயே கொண்ட அற்றாரி எஸ்.ரி. கணினி வந்தது. தமிழகத்திலே ஏ. ஆர். ரகுமான் 1989இல் சென்னையிலுள்ள தம் வீட்டுவளவில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992இல் ‘ரோஜா’வின் இசை நாடறிந்ததாயிற்று. இம்மாற்றத்தின் வழிவந்த ஆங்கிலச் சஞ்சிகைகளுள் மூன்றினை ஈண்டு எடுத்துக்கொள்வாம். அவை, 1985இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘சவுண்ட் ஒன் சவுண்ட்’, 1996இல் அமெரிக்காவில் லாரி கிரேன் தொடங்கிய ‘டேப் ஒப்’, 1998இல் இங்கிலாந்தில் எழுந்து 2024இல் நின்றுபோன ‘கம்பியூட்டர் மியூசிக்’ என்பன.

இவற்றை எவ்வளவுகோல் கொண்டு அளத்தல் தகும்? இலண்டன் மாநகரத்து வாசகன் ஒருவனை முன்னிறுத்தினால் மூன்றும் நல்லனவாகவே தோன்றும். கடைவீதி அவனுக்கு அருகிலுள்ளது. ஏட்டிலுள்ள குறையைக் கடை நிரப்பிவிடும். ஆதலின் வாசகனை வேறோரிடத்தில் வைத்துப் பார்ப்பாம். புத்தளம் மாவட்டத்துக் கரையோரப் பகுதியிலே கனமூலை என்னும் ஊர் உளது. அவ்வூர் வீடொன்றில் ஒரு கணினியும் ஓர் ஒலிவாங்கியும் மட்டுமே உடைய மாணவன் ஒருவன் இருப்பதாகக் கொள்வாம். பதிந்து வைக்கத்தக்க செல்வம் அவனைச் சூழ உண்டு. தெற்கே உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் உள. வடக்கே, புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில், ஆபிரிக்க வழித்தோன்றல்களாகிய சிறு சமூகத்தார் போர்த்துக்கேயக் கலப்பு மொழியிலே பாடும் மஞ்சாப் பாடல்கள் உள. அம்மொழி அன்றாடப் பேச்சினின்று மறைந்து, பெரிதும் பாட்டளவிலேயே எஞ்சி நிற்கின்றது. பாடுவோர் மறைந்தபின் இவற்றை எந்தக் கணினியாலும் மீட்டல் ஒல்லாது. ஆகவே அம்மாணவனுக்கு எவ்வேடு துணைசெய்யும் என்னும் வினா வெறும் பொழுதுபோக்கு வினாவன்று.

முதற்கண் ‘கம்பியூட்டர் மியூசிக்’. இதனுடன் இணைத்து வழங்கப்பெற்ற இறுவட்டு, ஒலித்துணுக்குகளையும் மென்பொருள்களையும் தாங்கி வந்தது. பொருள் கொடுத்து மென்பொருள் வாங்கும் ஆற்றலில்லாதவனுக்கு இது பெருங்கொடை. பாடங்கள் படிப்படியாகத் திரைப்படங்களுடன் அமைந்தமையால், ஆங்கிலப் பயிற்சி குறைந்தவனும் படத்தைப் பார்த்தே பின்பற்றல் கூடும். இவ்விரு நன்மைகளையும் மறைத்தல் நடுவுநிலை ஆகாது. ஆயினும் அதன் பாடங்களிற் பல, இன்ன மென்பொருளில் இன்ன பொத்தானை அழுத்துக என்னும் வகையின. மென்பொருள் புதுப்பிக்கப்பெற்றவுடன் அப்பாடத்தின் உயிர் குன்றிவிடுகின்றது. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஒருவன் தனித்திருந்து ஓசைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குதலே இசையாக்கம் என்பது அதன் உட்கிடை. அம்பாவோ தலைவன் ஒருவன் எடுத்துக் கொடுப்ப, வலையிழுக்கும் ஏனையோர் ஏற்றுப் பாடுவது. வலையின் பாரமே அதன் தாளம். அதனைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்துப் பதிய முற்படின் பாட்டு எஞ்சும், அம்பா எஞ்சாது.

‘டேப் ஒப்’ இதற்கு மறுதலையானது. ஒளிநகலெடுத்த சிற்றேடாகத் தொடங்கி, இன்று ஆண்டுக்கு ஆறு இதழாக வெளிவருகின்றது. கருவிகளினும் மனிதரையே அது முதன்மைப்படுத்துகின்றது. ஒலிப்பதிவாளர் ஒருவரை நெடிது வினவி, அவர் ஒலிவாங்கியை அவ்விடத்தில் ஏன் வைத்தார், பாடகரை எவ்வாறு தேற்றினார் என்பவற்றை அவர் வாய்மொழியாகவே வெளிப்படுத்துகின்றது. பலர் கூடிப் பாடுவதைப் பதியப் புகும் நம் மாணவனுக்கு இவ்வறிவு இன்றியமையாதது. எனினும் அவ்வேடு விரும்பிப் பேசும் பழைய நாடாக் கருவிகள் அவன் கைக்கு எட்டாதன. அச்சிதழ் இலவசமாகச் சென்றடைவதும் அமெரிக்க வாசகர்க்கே. ஒழுங்குபட இலக்கணம் கற்பிப்பதும் அதன் நோக்கமன்று. அது சான்றோர் கூட்டத்தில் இருந்து கேட்டல் போல்வது.

‘சவுண்ட் ஒன் சவுண்ட்’ இவ்விரண்டற்கும் இடைநிற்பது. கருவி மதிப்புரைகள் அதிலும் மிகுதி, விளம்பரங்களும் மிகுதி. ஆயின் அம்மதிப்புரைகள் பெரும்பாலும் அளந்து கண்டு கூறுவன. வாசகர் வீடுகளுக்கே சென்று, அவர்தம் அறையின் ஒலிக்குற்றங்களைக் களையும் கட்டுரைத்தொடர் அதன் சிறப்புகளுள் ஒன்று. புதுக்கருவி வாங்குமுன் ஒலிபெருக்கியை நகர்த்திப் பார், பாடுவோன் பின்னே தடித்த போர்வையைத் தொங்கவிடு என்பன போன்ற அறிவுரைகள் ஆங்கே காணப்படும். இவை எந்தப் புதுப்பிப்பாலும் பழமையடையா. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்கின்றது. மூன்று மீற்றர் இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே, நொடிக்கு ஏறத்தாழ 57 அதிர்வுடைய தாழ்ந்த ஒலி தேங்கி நின்று முழங்கும். இவ்வுண்மை இலண்டனுக்கும் கனமூலைக்கும் ஒன்றே.

ஆயினும் இவ்வேட்டையும் அப்படியே ஏற்றல் இயலாது. அது கருதும் அறை குளிர்நாட்டு அறை. கம்பளம் விரித்து, சாளரம் மூடியிருப்பது. நம் கரையோர வீடோ சீமெந்துத் தரையும் திறந்த சாளரமும் உடையது. மின்விசிறியை நிறுத்தினால் பாடுவோர்க்கு வியர்க்கும், நிறுத்தாவிடின் அதன் இரைச்சல் பதிவில் விழும். போர்வைக்கு ஈடாகத் தென்னந்தும்பு மெத்தையை நிறுத்தலாம். விசிறியின்றிப் பாடத்தக்க இரவின் பின்கூற்றைத் தேர்ந்துகொள்ளலாம். இவ்வாறு இடத்துக்கேற்பப் பெயர்த்துக்கொள்ளும் வேலையை வாசகனே செய்தல் வேண்டும். ஆயினும் காரணம் விளக்கிய ஏட்டைத்தான் அங்ஙனம் பெயர்க்க இயலும். பொத்தானை மட்டும் காட்டிய ஏட்டைப் பெயர்க்க இயலாது. இதுபற்றியே மூன்றனுள் ‘சவுண்ட் ஒன் சவுண்ட்’ முதலிடம் பெறுகின்றது. ‘டேப் ஒப்’ அதற்கு உற்ற துணையாகின்றது.

இம்முடிவு நமக்குப் புதியதன்று. விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த தம் ‘யாழ் நூ’லில், வழக்கொழிந்த யாழ்களைக் கணக்கின் துணைகொண்டு மீட்டுரைத்தார். மரமும் நரம்பும் மண்ணாய்ப் போயின. சுரங்களின் அளவையும் முறையையும் பழைய நூல்கள் காத்து வைத்தமையாலன்றோ அம்முயற்சி கைகூடிற்று! கருவி அழியும், காரணம் நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தமிழில் இத்துறைக்கென ஓர் ஏடு தொடங்க எண்ணும் இளைஞர்க்கு இவ்வொப்புநோக்கிலிருந்து பெறத்தக்கது யாது? புதுக்கருவிகளின் விலைப்பட்டியலை அவர்கள் விற்பனையாளரிடமே விட்டுவிடலாம். கடற்காற்று இரையும் கரையிலே ஒலிவாங்கியை எவ்விடத்து வைத்தால் அம்பாத் தலைவன் குரலும், ஏற்றுப் பாடுவோர் குரலும், வலையிழுக்கும் மூச்சும் ஒருங்கே அகப்படும்? இவ்வினாவுக்கு விடை தேடி முதலிதழைத் தொடங்குவாராயின், அவ்வேட்டைப் பத்தாண்டு கழிந்தபின்னும் கனமூலை மாணவன் பயனுறப் படிப்பான்.